ஒரு வருஷம் தொடாததைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களுக்கு



பதிவு நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டவர்கள் நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள். பொங்கல் வேலை இருக்கிறவர்கள் அப்புறமாக வந்து படிக்கலாம். ஆனால் போகிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் படித்தால் யாராவது ஒருவர் வீட்டுப் பரணாவது தப்பிக்கும்.

ஒரு வாரமாக என் வாட்ஸ்அப்புக்கு ஒரே வீடியோ மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. 'வீட்டை ஒழுங்குபடுத்த எளிய வழிகள்.' வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, மேஜைமேல் ஒரே ஒரு செடி. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றே எனக்குச் சந்தேகம். நடுவில் நின்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: ஒரு வருஷமாகக் கை படாத சாமான் எதுவானாலும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள், வீடும் மனசும் லேசாகிவிடும்.

'யோசிக்காமல்' என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. 34 வருஷம் "யோசிச்சுச் சொல்லு, யோசிச்சுச் சொல்லு" என்று கத்தியே தொண்டை கட்டியவள் நான்.

சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். என் வீட்டு வெண்கலப் பானை தை முதல் தேதி வெளியே வரும், கழுவித் துடைத்து உள்ளே போகும், மறுபடி அடுத்த தை. அகல் விளக்குகள் கார்த்திகைக்கு. முறுக்கு உழக்கு கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும். கொலு பொம்மைகள் ஒன்பது நாள், பத்தாம் நாள் ராத்திரி ஒன்றைப் படுக்க வைத்தால் மீதி வருஷம் முழுக்க ட்ரங்குப் பெட்டிதான். ஊரிலிருந்து நாலு பேர் வந்தால் விரிக்க நாலு கோரைப்பாய், அவர்கள் வராத வருஷம் அது சும்மாத்தான் இருக்கும். கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா டிசம்பரில்தான் குடில் பொம்மைகளை எடுப்பார். மூன்றாம் மாடி பாய் வீட்டில் பெரிய தேக்சா பக்ரீதுக்குத்தான் இறங்கும், அந்த பிரியாணி எங்கள் எட்டு வீட்டுக்கும் வரும். 2015 டிசம்பர் மழையில் கரண்ட் போய் ஊரே இருட்டில் கிடந்தபோது, என் மாமனார் காலத்து அரிக்கேன் விளக்குதான் எங்களுக்கு வெளிச்சம். அதற்கு முன்னால் அதை எத்தனை வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தேனோ.

ஆக, நம் வீட்டுச் சாமான்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து வெளியே வருபவை. அவற்றுக்குத் துணி அலமாரிக் கணக்கைக் கொண்டுவந்து போட்டால் எப்படி விடை சரியாக வரும்?

இனி நடந்ததைச் சொல்கிறேன். மருமகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறேன் என்று ஆவலாக நிமிர்ந்து உட்காருகிற சொந்தங்கள் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். அந்தப் பெண் இதில் எதிலும் இல்லை. செய்தது என் சின்ன மகன். பெங்களூரில் இருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் பொங்கல் லீவுக்கு வந்தவன், "அம்மா, நீ ஏணியில ஏறக் கூடாது, பரணை நானே க்ளீன் பண்ணித் தரேன்" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை வீட்டில் ஆண் பிள்ளை இதைச் செய்கிறான்? முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பரணில் இருந்தான். ஒட்டடை அடித்தான், எலிப் புழுக்கையைக் கூட்டினான். நான் கீழே இரண்டாம் காபி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று சாக்கு நிறைய ஏதோ கீழே போனது. நானும் கேட்கவில்லை.

மறுநாள் போகி. விடியற்காலை எங்கள் ஃபிளாட் வாசலில் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு நெருப்பு மூட்டினார்கள். பனி இருந்தது. நானும் போய் நின்று கை காய்ந்தேன். நல்ல கட்டை போல, நின்று எரிகிறதே என்று வாட்ச்மேன் தம்பியிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பரில் நவராத்திரி வந்தது. கொலுப்படி பலகைகளை இறக்கித் தரச் சொல்லி எதிர்வீட்டுப் பையனை ஏற்றினேன். "ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றான். மகனுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பழைய பலகையாம்மா? கயிறு போட்டுக் கட்டி இருந்ததே? போகிக்குக் குடுத்துட்டேனே. ஒரு வருஷத்துக்கு மேல யாரும் எடுக்கவே இல்லையே."

உண்மைதான், எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? அதற்கு முந்தின ஆடியில் அவன் அப்பா போய்விட்டார். வருஷம் திரும்பாத வீட்டில் கொலு ஏது? அந்த ஒரு நவராத்திரியைத்தான் விட்டேன். வீடியோக்காரப் பெண்ணின் சட்டப்படி அந்த ஒரு வருஷம்தான் பலகைகளுக்கு மரண தண்டனை.

அவை 1989-இல் செய்தவை. துறைமுகத்தில் சரக்கு வந்த பெட்டிகளின் பலகையை வாங்கிவந்து அவரே இழைப்புளி போட்டார். ஏழு படி. ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் எண் போட்டிருப்பார், எது சுவர்ப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. ஐந்தாம் பலகையில் மட்டும் 'இது வளைசல், அட்டை கொடு' என்று எழுதியிருக்கும். அப்படியே ஒவ்வொரு வருஷமும் ஓர் அட்டையை மடித்துக் கொடுப்பேன். அவர் கையெழுத்து வங்கிப் புத்தகத்திலும் இருக்கிறது, மகன்களின் ரேஷன் கார்டு மனுவிலும் இருக்கிறது. எனக்கு என்று எழுதியது அந்த ஐந்தாம் பலகை.

மகன் போனிலேயே அழுதுவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. அம்மா ஏணியில் ஏறி விழக்கூடாது என்று நினைத்த பிள்ளை. நான் சண்டை போடுவது அவன் காதில் அந்தச் சட்டத்தை ஓதியவர்களோடு. சாமானைப் பார், தேதியைப் பார், தூக்கிப் போடு என்று மூன்று படி சொல்லிக் கொடுத்தார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது, 'யாருடையது, அவரைக் கேள்' என்று. அதைச் சொல்லவில்லை.

உங்களில் ஆசிரியர்களாக ஆனவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஓர் உடைந்த பெஞ்சைத் தலைமையாசிரியரே நினைத்தாலும் வெளியே போட முடியாது. இருப்புப் பதிவேட்டில் அது எந்தப் பக்கம், எந்த வருஷம் வந்தது என்று பார்க்க வேண்டும். மேலிடத்துக்கு எழுத வேண்டும். கண்டம் செய்ய அனுமதி வர வேண்டும். அப்புறம்தான் கழிக்கலாம். இந்த நடைமுறையைத் திட்டாத ஆசிரியர் கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். கால் ஒடிந்த நாற்காலி மூன்று வருஷம் வராண்டாவில் கிடக்கும், பிள்ளைகள் இடித்துக்கொள்வார்கள். ஆனால் அரசாங்கத்தின் ஒரு மூன்றுகால் நாற்காலிக்குக் கிடைக்கிற மரியாதை வீட்டில் ஒரு வயசானவரின் சாமானுக்குக் கிடைப்பதில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் நினைத்துப் பார்த்தேன். இல்லை. நானும் ஒருவருக்குச் செய்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

1998-இல் மாட வீதிப் பக்கத்து ஓட்டு வீட்டை விட்டு இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். என் மாமியாரும் எங்களோடுதான். அம்மி, ஆட்டுக்கல், குந்தாணி எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட எடுத்து வந்தது ஒரு மர அஞ்சறைப்பெட்டி. மூடி இழுத்துத் திறப்பது, ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறுப்பு. புது சமையல் மேடையில் அது எனக்குக் கண்ணை உறுத்தியது. பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற அம்மா வந்தபோது இரண்டு புடவையோடு அதையும் கொடுத்துவிட்டு, கண்ணாடி மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கினேன். வட்டமாக, உள்ளே ஏழு கிண்ணம். பளபள என்று இருந்தது.

மாமியாருக்கு அப்போதே கண்புரை. இரண்டு மாதத்தில் சாம்பாரில் சீரகம் தாளிக்க ஆரம்பித்தார், ரசத்தில் வெந்தயம் போட்டார். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று நாங்கள் சிரித்தோம். மெல்ல மெல்ல அவரை அடுப்புப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மரியாதையாகத்தான். 2006-இல் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கும் பல வருஷம் கழித்து எனக்கே கண்ணாடி போட்ட பிறகு ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லாமல் தாளிக்க நின்றபோதுதான் புரிந்தது. அவர் கண்ணால் பார்த்துச் சமைத்ததே இல்லை. அந்தப் பெட்டியில் எந்தக் குழியில் எது என்று அவர் விரலுக்குத் தெரியும். வட்ட டப்பாவுக்கு மூலை ஏது? திருப்பி வைத்தால் கடுகு இருந்த இடத்தில் சீரகம் வரும். அவர் சமையலை மறக்கவில்லை. அவர் ஒழுங்கை நான் இரண்டு பழைய புடவையோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பேசுகிற மாமியாராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒழுங்கு என்று ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது கண்ணுக்கு அழகாக இல்லாமல் இருக்கலாம், இன்னொருவர் விரலில் இருக்கலாம். புதிதாக வந்து 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்பவர் முதலில் அதைக் கலைக்கிறார்.

போகி என்றதும் நாளிதழ்களில் வருஷா வருஷம் ஒரு வரி அச்சாகும், பழையது கழிவது பற்றி. அதைப் போட்டுத்தான் எல்லோரும் வாழ்த்து அனுப்புகிறீர்கள். தமிழ் டீச்சரின் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் நூற்பா. நன்னூல் இலக்கண நூல். சொல்லதிகாரத்தின் முடிவில் அவர் பேசுவது மொழியைப் பற்றி: காலப்போக்கில் சில வழக்குகள் விழுவதையும் புதியவை வருவதையும் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்கிறார். பாய் தலையணையைப் பற்றியோ, மாமனார் பெட்டியைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயும் பாருங்கள், கழிப்பது காலம். யாரும் ஏணி போட்டு ஏறி இழுத்துப் போடவில்லை.

அந்தக் காலத்துப் போகியில் எரிந்தது என்ன? தேய்ந்த விளக்குமாறு, நைந்த ஓலைப் பாய், பிய்ந்த முறம், கூரையில் மாற்றிய பழைய ஓலை. அத்தனையும் மண்ணில் முளைத்தவை, ஓட்டை விழும்வரை உழைத்தவை. பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு அவற்றைக் கொளுத்தினார்கள். இப்போது டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் எரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறது. மாநகராட்சி, பழைய டயரையும் துணியையும் எங்களிடம் கொடுங்கள் என்கிறது.

எரிக்காமல் குப்பை வண்டியில் போட்டால்? 'தூக்கிப் போடு' என்கிறார்களே, எங்கே என்று யாராவது சொல்கிறார்களா? திருவான்மியூர்க்காரர்களுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. பெருங்குடி இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். தென்சென்னையின் குப்பை மலையாக நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள். 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் குப்பை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே 2022-இல்தான் அந்தச் சதுப்பு நிலம் உலக அளவில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஒரு பக்கம் அவர்கள் பிரிக்க, இன்னொரு பக்கம் நாம் மனசு லேசாக வேண்டும் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால்? நம் மனசிலிருந்து இறங்கிய பாரத்தைக் கையுறைகூடச் சரியாக இல்லாத ஒருவர் தூக்குகிறார்.

இன்னொரு வேடிக்கை. அந்த வீடியோ முடிகிற இடத்தில் ஒரே அளவு டப்பா இருபத்துநாலு காட்டுகிறார்கள், எங்கே வாங்கலாம் என்று கீழே போட்டிருக்கிறது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எறிந்துவிட்டு அதை வாங்க வேண்டுமாம். ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டு இருபத்துநாலு புதுச் சாமானை உள்ளே விடுகிறார்கள். ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடிக்கு இடிபட்டுப் போய் வாங்கியவற்றைத்தானே போகிக்குத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்? வாசலில் தடுக்க வேண்டியதைப் பரணில் போய்த் தடுக்கிறோம்.

இதற்கெல்லாம் மூலம் ஜப்பானில் மரி கோண்டோ என்ற அம்மையார் என்கிறார்கள். அவர் புத்தகத்தை என் பேத்தியிடம் வாங்கிப் படித்தேன், படிக்காமல் திட்டுவது நியாயம் இல்லையே. 2019-இல் நெட்பிளிக்ஸில் தொடராகவும் வந்தது. எனக்கு அவர் மேல் கோபம் குறைந்துவிட்டது. பொருளை அனுப்புமுன் அதற்கு நன்றி சொல்லச் சொல்கிறார். நாம் ஆயுத பூஜையில் அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைப்பது போலத்தான், என்ன, நாம் பொட்டு வைத்து மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். முக்கியமாக, சின்ன வயசில் வீட்டார் சாமானை அவர்களுக்குத் தெரியாமல் எறிந்து மாட்டிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எறியக் கூடாது என்றும் சொல்கிறார். நம் வீடியோக்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு தன் வீடும் முன்போல் ஒழுங்காக இல்லை, பரவாயில்லை என்று 2023-இல் அவரே சொல்லிவிட்டார். வாழ்க!

சுவீடனில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். மார்கரேத்தா மாக்னுசோன் என்ற மூதாட்டி எழுதி 2017-இல் ஆங்கிலத்தில் வந்தது. வயசானவர்கள், தான் போன பிறகு பிள்ளைகள் சிரமப்படக் கூடாது என்று தன் சாமானைத் தானே உட்கார்ந்து பிரித்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பது. இதைப் படித்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. இதில் முடிவு செய்கிறவர் சாமான்காரர். நேரமும் அவர் நேரம். நானும் ஆரம்பித்திருக்கிறேன். மாதம் ஒரு பெட்டி, அதற்கு மேல் மனசு தாங்காது.

எதிர்ப்பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 650 சதுர அடி வீட்டில் தூசியோடு வாழ முடியாது, பேரனுக்கு வீசிங், எனக்கே முழங்கால். எதையும் விடாமல் சேர்த்து நடக்க வழியில்லாத வீட்டை நானும் பார்த்திருக்கிறேன், அது ஒரு வியாதி. நானும் மகா சேமிப்புக்காரி. போன மாதம் எண்ணினேன், ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா 43. மூடி 29. மீதிப் பதினாலு மூடி எங்கே போனது என்று எந்த விஞ்ஞானியும் சொல்ல முடியாது. அத்தனையையும் காயலான் கடைக்குக் கொடுத்தேன். காலாவதி மாத்திரை, எதனுடையது என்று தெரியாத சார்ஜர் வயர், வாரன்டி முடிந்து மிஷினும் போன பிறகும் வைத்திருந்த அட்டைப்பெட்டி, நாலு வருஷத்து டைரி காலண்டர், எல்லாவற்றுக்கும் இரக்கமே காட்டவில்லை. பழைய மெத்தை சோபாவை வாசலில் போடாமல் 1913-க்குப் போன் செய்து கேளுங்கள். கழிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தேதியை மட்டும் பார்த்துக் கழிக்காதீர்கள்.

அப்புறம், இந்த வீடியோக்கள் எல்லாம் யாரைப் பார்த்துப் பேசுகின்றன? "இல்லத்தரசிகளே", "லேடீஸ்", "சிஸ்டர்ஸ்". ஒன்றாவது "அண்ணா" என்று ஆரம்பிக்கிறதா? மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97. அதுவும் செய்கிற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி, செய்யாதவர்கள்தான் பெரும்பாலோர். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை லீவு என்றால் ஒட்டடை, பாத்திரம், திரைச்சீலை, பலகாரம் என்று இன்னும் ஏறும். யாருக்கு லீவு?

அதைவிட எனக்குப் பட்டது இது. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு வீட்டில் ஒரே ஒரு பெண் தலைக்குள் இருக்கிறது. "அம்மா, கத்தரிக்கோல் எங்கே?" "அம்மா, என் டீசீ எங்கே?" என் மகனுக்கு அந்தப் பலகை என்ன என்று தெரியாமல் போனதற்கு நானும் காரணம். முப்பத்தைந்து நவராத்திரிக்கு அவனும் அண்ணனும் பலகை அடுக்கியபோது ஓரமாகத்தான் நின்றார்கள். அவர்கள் அப்பா அடுக்குவார், நான் துணி விரிப்பேன். பெண் பிள்ளையாக இருந்திருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன், பொய் சொல்லக் கூடாது.

உங்களில் சிலர் செயல்வழிக் கற்றல் காலத்துப் பிள்ளைகள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, அப்புறம் மாநிலம் முழுக்கப் போனது. ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையைக் கீழே இறக்கினோம், உங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கயிறு கட்டினோம். ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து, எந்தத் தட்டில் இருக்கிறதோ அங்கேயிருந்து நீங்களே எடுப்பீர்கள், முடித்ததும் அதே தட்டில் வைப்பீர்கள். "டீச்சர், எங்கே?" என்று கேட்க வேண்டியதே இல்லை. அந்தத் திட்டத்தில் குறைகளும் உண்டு, அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும். ஆனால் ஆறு வயசில் நூற்றுக்கணக்கான அட்டையில் தன்னுடையதை எடுத்து வைத்த பிள்ளை, முப்பது வயசில் கல்யாணம் ஆனதும் ஜட்டி எங்கே என்று கேட்கிறான். எங்கே மறந்தான்?

அதனால் இந்தப் போகிக்கு என் வீட்டில் ஓர் இருப்புப் பதிவேடு போட்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு, பரண் கதவின் உள்பக்கம் ஆணியில் தொங்குகிறது. பெட்டிக்கு ஓர் எண், பெட்டியின் நாலு பக்கமும் எழுதியிருக்கிறது, எப்படித் திருப்பி வைத்தாலும் தெரியும். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக: என்ன இருக்கிறது, யாருடையது, எந்த மாதம் வெளியே வரும். கடைசிக் கட்டம் கழிப்பதற்கு, சாமான்காரர் கையெழுத்துப் போட்டால்தான். பேரனுக்கு எட்டு வயசு, அவன் உடைந்த ரிமோட் காருக்கும் அவனிடம்தான் கையெழுத்து வாங்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டான்.

கொலு வைக்கிறவர்களுக்கு ஒன்று. மேல்படியைத்தான் முதலில் அடுக்குவோம், ஆகவே மேல்படி பொம்மை பெட்டிக்குள் கடைசியாகப் போக வேண்டும். பழைய காட்டன் வேட்டித் துண்டில் சுற்றுங்கள், அச்சுத் தாள் நேராகப் பட்டால் சாயம் ஒட்டும். பெட்டிக்குள் வைக்குமுன் ஒவ்வொரு படியையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யாரும் அடுக்கலாம். இந்த வருஷம் நான் ட்ரங்குப் பெட்டி, ஸ்டூல், புத்தகக் கட்டு எல்லாவற்றையும் அடுக்கி அதன்மேல் வேட்டி விரித்துத்தான் வைத்தேன். ஐந்தாம் படி கொஞ்சம் ஆடியது. கை தன்னால் அட்டையைத் தேடியது.

கடையில் மடக்கும் இரும்புப் படி கிடைக்கிறது, நாலு மூலையில் கையெழுத்தில்லாமல் நன்றாகவே நிற்கும். மகன் வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பொங்கல் லீவு நாலு நாள் இருக்கிறதே, பலகை வாங்கி நீயே இழை, உன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டான். இழைப்புளியும் உளியும் பரணில் ஆறாம் எண் பெட்டியில் இருக்கின்றன. முப்பது வருஷத்தில் நாலைந்து தடவைதான் வெளியே வந்திருக்கும்.

2001, 2002 வாக்கில் என் வகுப்பில் இருந்தவர்களில் ஒருவன் தச்சு வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கண்ணா, நீ இதைப் படித்தால் இன்பாக்ஸில் வா. எனக்கு ஏழு பலகை வேண்டும், நாலரை அடி நீளம், பத்து அங்குல அகலம், காய்ந்த மரமாக. பழைய பெட்டிப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. காசு வாங்கிக்கொள்ள வேண்டும், டீச்சர் என்று விட்டுக்கொடுக்கிற வேலை எல்லாம் கூடாது. போகிக்கு மறுநாள் வந்தால் போதும். போகியன்று மட்டும் என் வீட்டுக்குள் பலகை எதையும் கொண்டு வராதே.